பிரமாதம்

எங்கள் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து காலிங் பெல் அடித்தார். வழக்கமாக அவர் வருவது மெயின்டனன்ஸ் பாக்கிக்காக. அன்றைக்கு விஷயம் வேறு. "ஏந்தி ஸார் இதி, பால்கனீலோ டேஞ்சர் போர்டு?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். துணிக்கொடியில் என் வேட்டிக்கும் அம்மாவின் சுங்குடிப் புடவைக்கும் நடுவே கறுப்புத் துணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளையாக ஒரு மண்டையோடு, பின்னால் குறுக்கே இரண்டு எலும்பு, தலையில் வைக்கோல் தொப்பி. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு வேறு.

செயலாளர் மேல் தப்பில்லை. இந்த ஹைதராபாத்தில் மண்டையோட்டை டிரான்ஸ்ஃபார்மர் வேலியில்தான் பார்க்கமுடியும். கீழே தெலுங்கில் 'பிரமாதம்' என்று எழுதியிருக்கும். தெலுங்கில் அதற்கு அபாயம் என்று அர்த்தம். பத்மாராவ் நகருக்குக் குடிவந்த புதிதில், ஸ்கந்தகிரி முருகனைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, கரண்டு ஆபீஸ்காரர்கள் தங்கள் டிரான்ஸ்ஃபார்மரைத் தாங்களே இப்படி மெச்சிக்கொள்கிறார்களே என்று நான் வியந்ததுண்டு.

கொடியில் தொங்கியதும் ஒரு கொடிதான் என்று செயலாளருக்கு விளக்கினேன். என் மகளுடையது. 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானியப் படக்கதையில் வரும் கடற்கொள்ளையர்களின் கொடி. அதோடு நிறுத்தியிருக்கலாம். 2025ல் இந்தோனேசியாவிலும் நேபாளத்திலும் இளைஞர்கள் போராட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதும் இதே கொடிதான் என்று சேர்த்துச் சொல்லிவைத்தேன். மனிதர் முகம் மாறிவிட்டது. அந்த மாதப் பொதுக்குழுவில் தண்ணீர் டேங்கர் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் ஏனோ எடுத்துக்கொள்ளப்படவில்லை.

எனக்கு இந்தச் சனியன் பிடித்த கதையைச் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து என் மகள் என்னிடம் பேசுவது இரண்டே சொல்லாகச் சுருங்கிவிட்டது. ஒன்று, "ம்". மற்றது, "வைஃபை போச்சு". ஒருநாள் துணிந்து, "என்னம்மா பாக்கற?" என்றேன். "உனக்குப் புரியாதுப்பா. மொதல்லேர்ந்து பாக்கணும்." தன்மானம் உள்ள தகப்பன் என்ன செய்வான்? மொதல்லேர்ந்து பார்க்க உட்கார்ந்தேன். எத்தனை எபிசோடு என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவேண்டும்.

1100க்கு மேல். ஒன்று 24 நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் 440 மணி நேரம். அதாவது சோறு தண்ணீர் தூக்கம் இல்லாமல் 18 நாள், 8 மணி நேரம். குருக்ஷேத்திரப் போரே 18 நாளில் முடிந்துவிட்டது.

எழுதி வரைகிறவர் பெயர் எய்ச்சிரோ ஓடா. 1997 ஜூலையில் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்ற வாரப் பத்திரிகையில் தொடங்கும்போது அவருக்கு 22 வயது. ஐந்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தாராம். வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். 110 தொகுதிகளைத் தாண்டிவிட்டது, உலகம் முழுக்க 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகிவிட்டது, கதை இன்னும் துறைமுகம் சேரவில்லை. லூஃபி என்று ஒரு பையன். மாயப் பழம் ஒன்றைத் தின்று உடம்பெல்லாம் ரப்பராகிவிடுகிறான். பழத்தின் சாபம், அதைத் தின்றவனுக்கு நீந்த வராது. நீந்தத் தெரியாத இவன்தான் கடற்கொள்ளையர்களின் ராஜா ஆகப்போகிறேன் என்று கிளம்புகிறான். எங்கேயோ இருக்கும் 'ஒன் பீஸ்' என்ற புதையலை எடுப்பவனே ராஜா. அந்தப் புதையல் என்ன என்று முதல் வாரம் எழுந்த கேள்விக்கு ஓடா இன்னும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாளே அம்மா வந்து சோபாவில் இடம் பிடித்துவிட்டாள். ஜப்பானியப் பேச்சு, இங்கிலீஷ் சப்டைட்டில், இரண்டும் அவளுக்கு ஆகாது. பேத்திதான் டப்பிங். அவள் தமிழ் ஹைதராபாத் தமிழ். "அவன் லைட் தீஸ்கோன்னு சொல்றான் பாட்டி." அம்மாவுக்கு அது போதும். கை பத்தடி நீண்டு வில்லன் மூக்கில் குத்துவதைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, இந்தப் பயலுக்கு முதுகு சொறிஞ்சுவிட ஆளே வேண்டாம்ல?" என்றாள். இருபத்தெட்டு வருஷமாக ஜப்பானில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

அம்மாவுக்குக் கடற்கொள்ளையர் புதிதல்ல. குமுதத்தில் சாண்டில்யனின் 'கடல் புறா' வந்த காலத்தில் வாராவாரம் பக்கம் கிழித்து, தைத்து, பைண்டு பண்ணி வைத்திருந்தவள். சீனக் கொள்ளைக்காரன் அகூதாவைப் பற்றி எங்கள் சின்னம்மா வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதைவிட அதிகம் சொல்வாள். "இதெல்லாம் நாங்க அப்பவே படிச்சாச்சு" என்பாள். சொல்லிவிட்டு, "அடுத்ததைப் போடு" என்பாள்.

நானும் சும்மா இல்லை. விருதுநகரில் வளர்ந்தவனுக்குச் சிவகாசி கூப்பிடு தூரம். 1972ல் முத்து காமிக்ஸ் அங்கே இரும்புக்கை மாயாவியை முதல் இதழாகப் போட்டது. மின்சாரம் பாய்ந்தால் கை மட்டும் தெரிய, ஆள் மறைந்துபோகும் மாயாவி. அவனைப் பார்த்து பிளக் பாயின்டில் விரல் வைத்தவர்களில் நானும் ஒருவன். மறையவில்லை. எங்கள் அப்பாவின் கைதான் தெரிந்தது.

அந்தப் பழைய புத்தியில் ஒரு ஞாயிறு அபிட்ஸ் நடைபாதைப் புத்தகச் சந்தைக்குப் போய்த் தேடினேன். பாய் விரித்த குவியலில் ஒரு தொகுதி கிடைத்தது. திறந்தால் முதல் பக்கத்திலேயே சண்டை முடிந்து எல்லோரும் விருந்து சாப்பிடுகிறார்கள். பக்கம் புரட்டப் புரட்ட அடி வாங்குகிறார்கள், அப்புறம் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள். "பைண்டிங் தப்பு, வேற குடுங்க" என்றேன். கடைக்காரப் பெரியவர் புத்தகத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். "உர்தூ கே ஜைஸா ஹை மியான். உல்டா நக்கோ." ஜப்பானியப் படக்கதையை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். நாலு நூற்றாண்டாக வலமிருந்து படிக்கத் தெரிந்த ஊரில் அதைத் தெரியாமல் நின்றவன் நான்தான்.

டி.வி. தொடர் 1999 அக்டோபரில் ஆரம்பித்தது. அதன் ஒரே தொல்லை நிதானம். வாராவாரம் வரும் படக்கதையை முந்திவிடக்கூடாது என்பதற்காக இழுத்திருக்கிறார்கள். டிரெஸ்ரோசா என்ற தீவில் நடக்கும் கதை மட்டும் 118 எபிசோடு. ஒருவன் கையை ஓங்குவான். சுற்றி நிற்கும் முப்பது பேர் முகத்தையும் தனித்தனியாகக் காட்டுவார்கள், பின்னால் மலையைக் காட்டுவார்கள், அவன் சின்ன வயசில் பட்ட கஷ்டத்தைக் காட்டுவார்கள். அடி அடுத்த வாரம் விழும். என் மனைவி அடுக்களையிலிருந்து, "நாங்க மெகா சீரியல் பாத்தா மட்டும் கேலி பண்ணுவீங்க இல்ல?" என்றாள். பதில் இல்லை.

ஆனால் 312வது எபிசோடு. அதைப்பற்றி நான் கேலி பேசமாட்டேன். கோயிங் மெர்ரி என்று செம்மறியாட்டுத் தலை வைத்த சின்னக் கப்பல். முதலிலிருந்து இவர்களைச் சுமந்தது. அடிமரம் உடைந்து இனி ஓடாது என்று கைவிடப்பட்ட பிறகும், சாகக் கிடந்தவர்களைக் காப்பாற்றத் தானாகவே வந்து சேர்கிறது. பிறகு இரண்டாக விரிகிறது. நடுக்கடலில், பனி விழ, லூஃபி அதற்குத் தீ வைக்கிறான். எரிந்துகொண்டே அந்தக் கப்பல், இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோகமுடியாமல் போனதற்கு வருத்தம் சொல்கிறது. மகள் டப்பிங்கை நிறுத்திவிட்டாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "உங்கப்பா அந்த பஜாஜ் சேட்டக்கைக் காயலான் கடைக்குத் தள்ளிட்டுப் போன அன்னிக்கி இப்படித்தான் இருந்துச்சுய்யா" என்றாள். அவ்வளவுதான், எனக்கும் உடைந்துவிட்டது. காய்கறிப் பையோடு உள்ளே வந்த மனைவி எங்கள் மூவரையும் பார்த்து, பையைக் கீழே போட்டுவிட்டு, "என்னங்க, ஊர்ல யாரு போயிட்டா?" என்றாள்.

"கப்பல்" என்றேன்.

மூன்று நாள் எங்களுக்கு உப்புமாதான்.

2023 ஆகஸ்ட் 31ல் நெட்ஃபிளிக்ஸ் இதையே மனிதர்களை வைத்து எடுத்து வெளியிட்டது. ரசிகர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. 2009ல் 'டிராகன் பால்' கதையை ஹாலிவுட்டில் எடுத்த எடுப்பில், அதற்குத் திரைக்கதை எழுதியவர் பின்னாளில் ரசிகர்களிடம் மன்னிப்பே கேட்டார். (இந்தப் பழக்கம் நம் பக்கம் பரவினால் வெள்ளிக்கிழமைகளில் வேறு வேலை நடக்காது.) ஒன் பீஸ் தப்பியது. ஓடா பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் நிஜமாகவே கப்பல் கட்டினார்கள். லூஃபியாக மெக்சிகோப் பையன் இன்யாகி கோடோய் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். டி.வி.யில் 44 எபிசோடு ஓடியதை எட்டில் முடித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு இல்லை. "பொம்மையா இருந்தப்பத்தான் மனுஷங்க மாதிரி இருந்தாங்க" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி.

ஒன் பீஸ் கேம் பற்றி அதிகம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2020ல் வந்த 'பைரட் வாரியர்ஸ் 4' என்பதை மகள் போட்டுக் கொடுத்தாள். ஒரு பட்டனை அழுத்தினால் நூறு பேர் வானத்தில் பறக்கிறார்கள். ஆர்டிசி கிராஸ் ரோட்ஸ் தியேட்டர்களில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவனுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? பறப்பவர்கள் கீழே விழுவதற்குள் விசில் சத்தம் கேட்காததுதான் குறை. நான் எடுத்துக்கொண்ட ஆள் ஸோரோ. மூன்று கத்தி வீரன், திசை மட்டும் தெரியாது. கதைப்படி அவன்தான் வழி தவறவேண்டும். என் கையில் வந்த பிறகு ஒரு சுவரைப் பார்த்தபடி பத்து நிமிஷம் கத்தி வீசினான். "அப்பா, எதிரி பின்னாடி" என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கட்டைவிரல் வீங்கி, தைலம் தடவிக்கொண்டு படுத்தேன். எங்கள் ஊர் டைரக்டர் ராஜமௌலியே 2025ல் 'டெத் ஸ்ட்ராண்டிங் 2' என்ற ஜப்பான் கேமுக்குள் மகனோடு போய் நிற்கிறார். அவருக்குக் கட்டைவிரல் வலி இல்லை. அடுத்தவர்கள்தானே விளையாடுகிறார்கள்.

கடைசியாக ஹைடெக்ஸில் காமிக் கான். மகளும் அவள் சிநேகிதியும் வேஷம் கட்டிக்கொண்டு போனார்கள், நான் டிரைவர். பத்தடிக்கு ஒரு லூஃபி. தூறல் விட்டிருந்ததால் அவர்கள் இருவர் குடையையும் என் தலையில் கட்டினார்கள். கை கொள்ளவில்லை. மூன்று குடையையும் மடக்கி இடுப்பு பெல்ட்டில் சொருகிக்கொண்டு சமோசா வரிசையில் நின்றேன். ஒரு பையன் ஓடி வந்தான். "ஸோரோ அங்கிள்! ஒக்க ஃபோட்டோ!" அப்புறம் நாலு பேர், அப்புறம் பத்துப் பேர். மூன்றாவது குடையை வாயில் கவ்வச் சொன்னார்கள். கவ்வினேன். 52 வயதில், பி.எஃப். கணக்கு உள்ள ஒரு மனிதன்.

முடிந்து, கார் நிறுத்திய இடம் தெரியாமல் முக்கால் மணி நேரம் அலைந்தேன். மகள் முதலில் முறைத்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். "ம்" என்று சொன்னதெல்லாம் நான்தான்.

இப்போது 890ல் இருக்கிறோம். அம்மாவுக்கு அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன், அதற்குள் அடுத்து வரும் வானோ நாட்டுக் கதையை முடித்துவிடவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். முன்னாலேயே பார்த்து முடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பத்மாராவ் நகர்ப் பக்கம் என்னையோ, சுங்குடிப் புடவை கட்டிய என் அம்மாவையோ பார்த்தால் மெயின்டனன்ஸ் பற்றி, டேங்கர் பற்றி, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். அடுத்து என்ன ஆகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.