திருப்பத்து ஒலி: அளவையியல் நோக்கில் ஓர் ஆய்வு

நேராகப் போகும்போது பரம சாதுவாக இருந்துவிட்டு, ஸ்டீரிங்கை ஒடித்ததும் முன்பக்கத்தில் எங்கோ ‘டக் டக்’ என்று தட்டுகிற காரின் ஒலியே இவ்வாய்வின் பொருள். முந்து நூல்கள் இதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன. பழி புலவர்கள்மேல் இல்லை, வண்டிகள்மேல்தான். நம் சாலைகளை நெடுங்காலம் ஆண்ட அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் எஞ்சின் முன்னால், உந்துவிசை பின்சக்கரத்தில். முன்சக்கரங்களுக்குத் திரும்புவது ஒன்றே வேலை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, திரும்புகிற வேலையோடு வண்டியை இழுக்கிற வேலையையும் முன்சக்கரத்தின் தலையில் கட்டியது. ஆகவே இவ்வொலி நம் நாட்டில் பெருவழக்கானது அதற்குப் பிறகே என்பது எம் துணிபு. அற்றேல், அம்பாசடரில் சத்தமே இல்லையோ எனின், உண்டு. அது எப்போதும், எல்லா இடத்திலிருந்தும் வந்ததால் ஆராய்ச்சிக்கு உதவாது.

ஒன்றை அறியக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகள் போதும் என்பது சைவ சித்தாந்த முடிபு. கார் வைத்திருப்பவர்கள் இம்மூன்றையும் ஏற்பர். வரிசையை மட்டும் தலைகீழாக்குவர்.

முதலில் உரை. அதாவது, கேட்காமலே கிடைக்கும் கருத்து. “சி.வி. ஜாயிண்ட் போச்சு மாப்ள, ஆக்ஸிலோட மாத்திரு” என்பார் மச்சான், வண்டியில் ஏறாமலே. “எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்பது பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியின் கட்சி. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைக்கும் மூன்றாம் மரபினரும் உளர். இவர்களுடைய சிகிச்சை செலவில்லாதது, உடனே பலிப்பது. ஆனால் வண்டிக்கு அது தெரியாது.

உரை அளவையில் தலையானது மெக்கானிக் வாக்கு. அதற்கு ஓர் இடையூறு உண்டு. ஒர்க்‌ஷாப் வாசலை மிதித்ததும் ஒலி ஒளிந்துகொள்ளும். “இப்ப வரல பாருங்கண்ணே, வீட்ல இருந்து வர்ற வழியெல்லாம் வந்துச்சு” என்று வண்டிக்காரர் குழைவதும், “வந்தா கொண்டாங்க சார்” என்று மெக்கானிக் கையைத் துடைப்பதும் தமிழகமெங்கும் ஒரே மாதிரி நடக்கும் சடங்கு. இதை ஒலியின் நாணம் என்று பெயரிட்டு விட்டுவிடலாம். காரணம் இருப்பதால் விட முடியவில்லை. மெக்கானிக் ‘டிரையல்’ போவது ஆள் ஏறாத வண்டியில், நேர்ச்சாலையில். ஒலிக்கு வேண்டியதோ பாரமும் முழு ஒடிப்பும்.

ஆகையால் கருதல் அளவைக்கு வருவோம். காலி மைதானம் ஒன்றைப் பிடித்து, கண்ணாடிகளை இறக்கி, ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமிடுக. பிறகு மறுபக்கம். கூட ஓர் ஆளை வெளியே நடக்கவிடுவது நலம். உள்ளே இருப்பவருக்கு எல்லா ஒலியும் டாஷ்போர்டிலிருந்து வருவதாகவே தோன்றும். சக்கரம் சுழலும் கதிக்கேற்ப ‘டக் டக்’ நெருங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உரத்தால், மச்சான் வென்றார். சி.வி. ஜாயிண்டுக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள், ஒரு கூண்டில் அடைபட்டுப் பள்ளங்களில் உருளும். நேராகப் போகையில் அவை ஏறக்குறைய அசையாது. சக்கரம் ஒடிந்த நிலையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு குண்டும் தன் பள்ளத்தில் போய் வந்தாக வேண்டும். பள்ளம் தேய்ந்திருந்தால் அது உருளாமல் குதிக்கும். அந்தக் குதிதான் டக்.

நின்ற வண்டியில் ஸ்டீரிங்கைத் திருப்பினாலே ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் முறுகி விடுபட்டால், மேலே சாக் அப்சர்வரின் மவுண்ட் பேரிங்கைச் சந்தேகிக்க. ஸ்பீடு பிரேக்கரிலும் ‘லொட லொட’ என்றால் லிங்க் ராடு, அல்லது லோயர் ஆர்ம் புஷ். வேகத்தோடு வளரும் ‘உர்ர்’ தட்டலே அன்று. அது வீல் பேரிங், வேறு ஆய்வாளர்க்கு உரியது.

எந்தப் பக்கத்துச் சக்கரம்? வலப்பக்கம் திரும்புகையில் பாரம் இடப்பக்கம் சாய்வதால் முதலில் இடச்சக்கரத்தைப் பார் என்பது கைவந்தோர் வழக்கு. நாம் இடப்பக்கமாக ஓட்டுவதால் யூ-டர்ன் எல்லாம் வலப்பக்கமே. சாலையோரப் பள்ளங்களும் இடச்சக்கரத்துக்கே எழுதிவைத்தவை. இருப்பினும் இது வழக்குதான், விதியன்று.

இனிக் காட்சி. இதைக் கடைசியில் வைத்தது மரபுப் பிழை. வண்டிக்கடியில் குனிய யாருக்கும் மனமில்லாததே காரணம். சக்கரத்துக்குப் பின்னால், ஆக்ஸிலின் நுனியில், மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை இருக்கும். மெக்கானிக் அதன் மடிப்புகளை இரு விரலால் பிரித்துப் பார்ப்பார். மேலோட்டமாக முழுசாய்த் தெரிந்தது பிரிக்கையில் பிளவு காட்டும். கையில் ஒட்டிய கிரீஸைக் கட்டைவிரலால் தேய்த்தால் மணல் நறநறக்கும். ரிம்மின் உட்புறத்தில் அதே கிரீஸ் விசிறி போலத் தெறித்துக் காய்ந்திருக்கும். சத்தம் வருமுன் கண்டுகொண்டால் உறையும் கிரீஸும் மாற்றுவதோடு போகும். சத்தம் வந்தபின் எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் தேய்ந்த பள்ளம் நிரம்பாது. ஜாயிண்டையே மாற்ற வேண்டும். பிறகு ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆட்டத்தோடு ஒரு ‘கிளுக்’ வந்தால் அவர் முகம் மாறும். அது பால் ஜாயிண்டாக இருக்கலாம். அது கழன்றால் சக்கரம் மடங்கிப் படுத்துவிடும், ஆய்வும் படுத்துவிடும்.

ஒழிபியலாக எஞ்சுவது டிக்கி. சரியாக மாட்டாத ஜாக்கி, நட்டு முடுக்காத ஸ்டெப்னி, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய்: திருப்பத்தில் மட்டும் தட்டும் தகுதி இவை எல்லாவற்றுக்கும் உண்டு. புதிய ஜாயிண்ட் போட்ட பிறகும் தேங்காய் தட்டும். இவ்வுண்மையை மறுக்கும் மச்சான்களின் கட்சி இங்கே மறுக்கப்பட்டது.

ஆகவே முடிபு இதுவே. முதலில் டிக்கியைக் காலி செய்க. அடுத்து வீல் நட்டுகளை ஸ்பானரால் முடுக்கிப் பார்க்க, அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தால் கட்டாயம். தளர்ந்த நட்டும் திருப்பத்தில்தான் தட்டும், அதற்கு மட்டும் நாளை என்ற சொல் இல்லை. அதற்குப் பிறகே மற்ற அளவைகள். அதுவரை குடும்பத்தோடு கொல்லிமலைக்குக் கிளம்ப வேண்டாம். அங்கே கொண்டை ஊசி வளைவுகள் 70.