மீட்டருக்கு மூக்கு இல்லை, பேராண்டி

வாய்யா ராமநாதபுரத்து மைனரே! பொங்கல் வந்தாத்தான் மலை மேல இருக்கிற நம்ம கவுஞ்சிக்கு வழி தெரியுது போல. உறைபனியில நடுங்காதே, அடுப்புக்கிட்ட வந்து குந்து. அதென்ன சட்டைப் பையில, பேனாவா? மொய் எழுத வந்துட்டியோன்னு நெனச்சேன். ஓகோ, தண்ணியில முக்குனா கரைஞ்சு கெடக்கிற உப்புக்கு நம்பர் காட்டுற டி.டி.எஸ். மீட்டரா? நேத்து பஸ்ஸ விட்டு எறங்குனதும் அப்பத்தா கொடுத்த சொம்புல அதைத்தான முக்குன? கிழவி ராத்திரி பூரா தூங்கலடா. "காய்ச்சல் எனக்கான்னு பாத்தானா, தண்ணிக்கான்னு பாத்தானா"ன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தா.

நம்ம ஊத்துத் தண்ணிக்கு 38 காட்டுச்சாம். உங்க வீட்டு போர் தண்ணி 2,000ஐத் தாண்டுமாம். அதுக்கு என்னமோ நீயே மலையைச் செஞ்ச மாதிரி குதிக்கிற. இங்க இருக்கிறது கறுத்த கெட்டிப் பாறை. நிலவியல் படிச்சவுக சார்னோகைட்டுன்னு சொல்லுவாக. லேசுல கரையாது. மழைத்தண்ணி சோலைக்குள்ள ஊறி, வெறுங்கையோட வெளிய வருது. கீழ போகப் போக சுண்ணாம்பு, மக்னீசியம்னு கண்டதை மடியில கட்டிக்குது. கடலோரத்துல உப்பும் சேர்ந்துக்கும். தண்ணியும் உன்னைய மாதிரித்தான். மலையை விட்டு எறங்குனதும் பழக்கம் மாறிப்போச்சு.

உப்புத்தண்ணியால முடி கொட்டுதுன்னு அழுகுறியே, உங்கப்பனைப் பாரு. பொறந்ததுலேருந்து இந்த ஊத்துத் தண்ணியிலதான் குளிக்கிறான். முப்பது வயசுலயே நெத்தி பிடரி வரைக்கும் போயிருச்சு. அதுக்கு எந்த மீட்டரை முக்குறது?

இன்னைக்குக் காலையில நீ குளிச்ச கூத்தையும் பாத்தேன். உங்க ஊருல அரைக்கட்டி சோப்பைத் தேய்ச்சாலும் நுரைக்காது. சுண்ணாம்பு சோப்பைப் பிடிச்சுப் பிசுக்காக்கி வாளியில ஒட்ட வச்சிரும். அந்தப் பழக்கத்துல இங்கயும் அழுத்தித் தேய்ச்ச. நுரை தலைக்கு மேல நிக்குது. வழுவழுப்பு போகலைன்னு எட்டு வாளி ஊத்துன. அண்டா காலி, விறகும் காலி. துண்டைக் கட்டிக்கிட்டு நான் நின்னதை யாரு பாத்தா?

கெட்டிலுக்குள்ள வெள்ளையாப் படியுதுன்னு பயப்படாதே. கரைஞ்சு கெடந்த சுண்ணாம்புல ஒரு பங்கு சூடு பட்டதும் வெளிய வந்து ஒட்டிக்கும். புளியைக் கரைச்சு ஊத்தி ஊற வையி, கழண்டு வரும். ஆனா உப்பு போகட்டும்னு காய்ச்சாதே. காய்ச்சக் காய்ச்சத் தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு கூடிக்கிட்டே வரும்; அது உப்பளத்துக்காரன் தொழில். தேத்தாங்கொட்டையைத் தேய்ச்சாலும் கலங்கல்தான் தெளியும், உப்பு அசையாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்பாக. உன் குழாய் தெனமும் உப்பிடுது, அதான் அதை மறக்க முடியல.

கடலைத் திட்டாதே. ராமேஸ்வரத்துல சுத்தி உப்புக் கடல். கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். பல கிணத்துல கரிக்கவே கரிக்காது. மழைத்தண்ணி எடை குறைவு, கடல் தண்ணி கனம். பாலு மேல ஆடை மாதிரி நல்ல தண்ணி மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ நாப்பது அடி நிக்கும்னு கணக்கு. அதே கணக்குல மேல ஒரு அடியை உறிஞ்சிப்புட்டா, கீழ நாப்பது அடி உப்பு ஏறி வரும். உங்க தெருவுல வீட்டுக்கு வீடு போர் போட்டு, மோட்டரை விடிய விடிய ஓட விட்டது கடலா? ஊரணியை மேடாக்கி மனை போட்டு வித்தது கடலா?

இப்ப ஆர்.ஓ. மிஷின் வாங்கியிருக்கியாம். நல்லது. ஒரு குடம் தர்றதுக்கு ரெண்டு மூணு குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புமே, அதையும் பெருமையாச் சொல்லேன். மீட்டர்ல 500க்குக் கீழ காட்டுற தண்ணிக்கு அந்த மிஷின் வேணாம்னு பசுமைத் தீர்ப்பாயம் 2019லயே சொல்லிருச்சு. உன் போருக்கு வேணும்தான், இல்லைங்கல. ஆனா காவிரிக் குழாய்த் தண்ணிக்கும் சேர்த்து மாட்டி வச்சிருக்கியே, அங்கதான் உன் படிப்பு பல்லைக் காட்டுது. அரசாங்கத் தர அளவுல தண்ணியோட கடினத்துக்கு, அதான் அந்தச் சுண்ணாம்பு மக்னீசியத்துக்கு, 200 வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லாத ஊருல 600 வரைக்கும் பொறுத்துக்கன்னு இருக்கு. உலக சுகாதார நிறுவனமோ, உடம்பைக் காரணம் காட்டி கடினத்துக்கு வரம்பே வைக்கல. கெட்டித் தண்ணி பாத்திரத்துக்குச் சக்களத்தி. உனக்கு எமன் இல்லை.

எமன் வேற வேஷத்துல வருவான். அவனை அந்தப் பேனா காட்டாது. அது உப்பை எண்ணும், சாணியை எண்ணாது. பருப்பு சீக்கிரம் வேகுற மென்மையான தண்ணியிலயும் பேதிக் கிருமி சொகமா நீந்தும். நம்ம ஊத்துக்கு மேல ஒரு மாடு செத்துக் கெடந்தாலும் மீட்டர் 38ன்னுதான் சிரிக்கும். அதனால இங்க குடிக்கிறதையும் கொதிக்க வச்சுக் குடி. அங்க குழாயில குளோரின் வாடை வந்தா மூக்கைப் பொத்தாதே. அவன்தான் காவக்காரன், வாடை வராத அன்னைக்குத்தான் நீ யோசிக்கணும். சந்தேகமா இருந்தா குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லாவுல சோதனைக்கூடம் இருக்கு. பாட்டில்ல பிடிச்சுக் கொண்டு போயிக் கொடு. பேனாவை மொய் எழுத வச்சுக்க.

அந்தக் காவிரித் தண்ணி எங்கேருந்து வருது தெரியுமா? திருச்சிப் பக்கம் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமையெல்லாம் தாண்டிக் குழாயில வருது. அதுக்கும் மேல போ. நம்ம மலையோட வடக்குச் சரிவுத் தண்ணி குதிரையாறு, சண்முகநதின்னு எறங்கி அமராவதியில விழுது. அமராவதி கரூரைத் தாண்டி, திருமுக்கூடலூர்ல காவிரியோட சேருது. நீ ஊரை விட்டுட்டு ஓடுன. ஊரு உன்னைய விடாம குழாய்க்குள்ள வந்து நிக்குது.

இங்கதான் எனக்குக் கொஞ்சம் தொண்டையைக் கமறுது. போன வாரம் பூண்டுக்கு மருந்தடிச்சிட்டு, ஸ்பிரேயரை ஒருத்தன் ஓடையில அலசுனான். யாருன்னு கேக்காதே. வயசான ஆளு, நரைச்ச மீசை, பேரன் ராமநாதபுரத்துல வேலை பாக்குறான். இனிமே வயக்காட்டுக்குள்ளயே அலசி, அந்தத் தண்ணியைப் பூண்டுக்கே அடிச்சிருன்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன். தலையை ஆட்டுனான். கிழவன் பேச்சை எவ்வளவு நம்புறதுன்னு எனக்கே தெரியல.

சரி, கெளம்பு, பஸ் போயிரும். ரெண்டு கிலோ மலைப்பூண்டு கட்டி வச்சிருக்கேன். 2019ல புவிசார் குறியீடு வாங்குன சரக்கு, மரியாதையா வச்சுக்க. அதைக் கொண்டு போயி அடுப்படியில கட்டித் தொங்க விடு. அதுக்கப்புறமும் குழாயைத் தெறந்தா பூண்டு வாசம் அடிக்குதுன்னு வையி, பேனாவைத் தேடாதே. எனக்கு ஒரு போனைப் போட்டு, நல்லா நாலு வார்த்தை திட்டு.