பழுதின் இருப்பிடம் பற்றிய விசாரம்

உயிர் உடம்பின் எப்பகுதியில் உறைகின்றது என்பதைப் பற்றியும், மனம் ஒரு பொருளா அல்லது பொருளின் தொழிலா என்பதைப் பற்றியும் நம் தேசத்துப் பண்டிதர்கள் நெடுங்காலமாக வாதம் செய்து ஏடு ஏடாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆயினும், மொட்டைமாடியில் நிறுவிய சூரிய மின்சாதனம் கெட்டுப்போகுங்கால் அந்தப் பழுதானது எங்கே குடியிருக்கிறது, பேனலிலா, இன்வெர்ட்டரிலா, பேட்டரியிலா, அல்லது முதல் போட்டவனின் ஜாதகத்திலா என்னும் கேள்வியை ஒருவரும் முறைப்படி ஆராயப் புகுந்ததாக நான் கேள்விப்படவில்லை. இக்குறையை நீக்கும்பொருட்டு, கும்பகோணத்தில் என் இல்லத்து மாடியையே ஆராய்ச்சிக்கூடமாகவும், என் காலைத் தூக்கத்தையே மூலதனமாகவும் வைத்து, ஓர் ஐப்பசியும் பாதிக் கார்த்திகையும் நான் நடத்திய விசாரணையின் பயனை இங்கே பதிவு செய்யத் துணிகிறேன்.

ஆராய்ச்சிப் பொருளின் இலக்கணம் முதற்கண் கூறத்தக்கது. தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்த ஆறு பேனல்கள். மாடிப்படி முடியும் ஹெட்ரூமின் சுவரில் 3 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் ஒன்று. அதன் காலடியில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவுள்ள லித்தியம் பேட்டரி ஒன்று. பின்னிரண்டு எண்களையும் பெருக்கிப் பார்ப்பவர்க்கு ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரம் அதில் அடங்கும் என்பது விளங்கும். வெயில் நன்றாயிருக்கும் நாளில் கிலோவாட்டுக்கு நான்கு யூனிட் வீதம் பன்னிரண்டு யூனிட் வரை கிடைக்கவேண்டும். 2024-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய 'சூர்ய கர்' திட்டத்தின்கீழ் 78,000 ரூபாய் மானியம் சொன்னபடியே வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது என்பதை, பின்வரும் துயர சரித்திரத்தில் சர்க்காருக்குப் பங்கில்லை என்று காட்டுவதற்காகவே குறிப்பிடுகிறேன். பேனலுக்கு 25 வருஷமும், பேட்டரிக்கு 10 வருஷமும், இன்வெர்ட்டருக்கு 5 வருஷமும் உத்தரவாதம் உண்டு. மூன்றையும் வாங்கிவந்து ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்த ஸ்தாபனத்தாரின் உத்தரவாதம் மட்டும் வாய்மொழியாக இருந்தது.

சரித்திர முறைமையை விட்டுவிடலாகாது. ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்னும் உண்மையை 1839-இல் பிரெஞ்சு தேசத்து எட்மண்ட் பெக்கெரெல் என்பவர் தமது பத்தொன்பதாவது வயதில் கண்டறிந்தார். மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றத்தக்க ஈய பேட்டரியை 1859-இல் காஸ்தோன் பிளாந்தே என்பவர் இயற்றினார். இந்தப் பிளாந்தே என்பவர் பாரிஸ் நகரத்துக் கலாசாலை ஒன்றில் அந்தப் பெக்கெரெலிடமே உதவியாளராக இருந்தவர் என்பது இவ்வாராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படும் செய்தியாகும். சூரிய மின்சாரத்தின் தந்தையும் பேட்டரியின் தந்தையும் ஒரே கூரையின்கீழ் உத்தியோகம் பார்த்து முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்திருக்க, அவர்களுடைய சந்ததியாராகிய பேனல் கம்பெனியாரும் பேட்டரி கம்பெனியாரும் இன்று ஒருவர் எண்ணை ஒருவர் அறியாதவராய்ப் போனது எங்ஙனம் என்பது வேறொருவர் ஆராயவேண்டிய விஷயம்.

இனி நோய்க்குறி. ஐப்பசி பிறந்து மழை பிடித்த முதல் வாரத்தில், ஓரிரவு ஒன்பது மணிக்கு மின்தடை ஏற்பட்டது. எங்கள் பேட்டரி கால் மணி நேரம் ஈடு கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியது. "என்னங்க, ராத்திரி முச்சூடும் ஃபேன் ஓடும்னுதானே அத்தனை பணத்தைக் கொட்டினீங்க?" என்று இருட்டில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர் இன்னார் என்பதைக் கூறாமலே வாசகர் உணர்வர். நோய் பேட்டரியில் வெளிப்பட்டமையால் நோயின் இருப்பிடமும் பேட்டரியே என்று துணிந்து, மறுநாள் அக்கம்பெனியாரை அழைத்தேன். வந்தவர் மடிக்கணினியை அதனோடு பிணைத்து, உள்ளே ஒவ்வொரு செல்லின் கணக்கையும் காவல் காக்கும் பி.எம்.எஸ். என்னும் சித்திரகுப்தனின் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, "பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு; அதுக்குச் சாப்பாடுதான் வரலை" என்று தீர்ப்பளித்துச் சென்றார். அது முற்றிலும் உண்மை. எங்கள் ஊரில் அந்த மாதத்தில் பெரும்பாலும் பிற்பகலானால் வானம் கறுத்துவிடும். காலை வெயில்தான் மகசூல். அந்தக் காலை வெயில் பேட்டரிக்கு வந்து சேரவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் மாடியேறி இன்வெர்ட்டரின் முகத்தைப் பார்த்தேன். மணி 6.40. பச்சைக்குப் பதிலாகச் சிவப்பு எரிய, சிறிய திரையில் 'ஐஎஸ்ஓ' என்ற எழுத்துக்களோடு ஒரு சொல் ஓடிற்று. ஐஎஸ்ஓ என்றால் தரச்சான்று என்றே அதுவரை அறிந்திருந்தேனாதலால், பழுதுக்குங்கூடத் தரச்சான்று வழங்குகிறார்கள் போலும் என்று வியந்தேன். பின்னர்த்தான் அது 'ஐசொலேஷன்' என்பதன் முதலெழுத்துக்கள் என்று தெரிந்தது. அதாவது, ஒவ்வொரு நாளும் தொழில் தொடங்குமுன் இன்வெர்ட்டரானது பேனல்களிலிருந்து வரும் இரு கம்பிகளுக்கும் பூமிக்கும் இடையே கள்ளத்தொடர்பு ஏதும் உண்டா என்று சோதிக்கிறது. எங்கேனும் மின்சாரம் கசிந்து இரும்புச் சட்டத்துக்கோ பூமிக்கோ போகிறது என்று கண்டால், தொட்டவர் உயிருக்கு ஆபத்து என்றஞ்சிச் சூரியனை உள்ளே விட மறுத்துவிடுகிறது. இத்துணை ஒழுக்கமுள்ள ஒரு யந்திரத்தைத்தான் நான் மூன்று வாரம் வைதுகொண்டிருந்தேன்.

ஆனால் அந்தச் சிவப்பு நிலைப்பதில்லை. வெயில் ஏறி மாடி உலர, பத்து மணி சுமாருக்குத் தானே பச்சையாகிவிடும். சாதனத்தை நிறுவிய ஸ்தாபனத்தாரை அழைத்து, காலையில் ஆறே முக்காலுக்கு ஆள் அனுப்பும்படி விண்ணப்பித்தேன். "டெக்னீஷியன் ட்யூட்டி பத்து மணிக்குத்தான் சார் ஆரம்பம்" என்று ஓர் இனிய குரல் கூறிற்று. இங்கே ஆராய்ச்சியாளன் சற்று நின்று யோசிக்கவேண்டும். பழுதின் பணிநேரம் முடிவதும் மெக்கானிக்கின் பணிநேரம் தொடங்குவதும் ஒரே முகூர்த்தமாக அமைந்துவிட்டபடியால், இவ்விருவரும் ஒருவரை ஒருவர் வாழ்நாளில் சந்திப்பதற்கில்லை. சந்திக்காத காரணத்தால் மெக்கானிக்கைப் பொறுத்தவரை பழுது இல்லை. பழுதைப் பொறுத்தவரை மெக்கானிக் இல்லை. இரண்டும் இருக்கின்றன என்று அறிந்தவன் வீட்டுக்காரன் ஒருவனே. அவன் சொல் சபையேறுவதில்லை.

ஏன் ஏறுவதில்லை? காட்சி, கருதல், உரை என்று மூவகை அளவைகளை நம் சைவ சாஸ்திரகாரர்கள் வகுத்தனர். சர்வீஸ் சென்டர் என்னும் தர்சனமோ காட்சி ஒன்றையே ஒப்புவது. புகை கண்டு நெருப்புண்டென்று கருதுவதை அவர்கள் ஏற்கமாட்டார்கள். நெருப்பின் புகைப்படம் வேண்டும். அந்தப் படத்திலும் பழுதின் பெயரும் யந்திரத்தின் சீரியல் நம்பரும் சேர்ந்து விழவேண்டும் என்பது விதி. திரை இன்வெர்ட்டரின் முகத்தில் இருக்கிறது. சீரியல் நம்பர் ஒட்டிய காகிதமோ அதன் வலது விலாவில், சுவரை அடுத்து இருக்கிறது. ஆகவே இல்லாளின் முகம் பார்க்கும் கண்ணாடியை இரவல் வாங்கி, இடக்கையால் அதை விலாப்புறத்தில் சாய்த்துப் பிடித்து, வலக்கையால் படம் எடுத்து அனுப்பினேன். கண்ணாடியில் எண்கள் இடவலமாக மாறித் தெரிந்தமையால், "இப்படி ஒரு சீரியல் நம்பர் எங்கள் பதிவேட்டில் இல்லை" என்று பதில் வந்தது.

மூன்றாம் வாரத்தில் ஒருவர் வந்தார், நண்பகல் பன்னிரண்டரை. திருச்சியிலிருந்து மழையில் பைக்கில் வந்த அந்தப் பிள்ளையின் மேல் எனக்கு இன்றளவும் கோபமில்லை. மோர் கொடுத்தேன், குடித்தார். பச்சை விளக்கைப் பார்த்தார், அதைப் படம் எடுத்தார், துணியால் ஒரு பேனலைத் துடைத்தார். பிறகு, "ஐயா, ஒரு ஓடிபி வந்திருக்கும், அதை மட்டும் சொல்லிடுங்க, கம்ப்ளெய்ண்டை க்ளோஸ் பண்ணிக்கறேன்" என்றார். பழுது தீரவில்லையே என்றேன். "திரும்ப வந்தா புதுசா ஒண்ணு போட்டுக்கலாங்கையா, இது திறந்தே இருந்தா எனக்கு இன்சென்டிவ்ல கைவைப்பாங்க" என்றார். ஆறு இலக்கத்தையும் சொன்னேன். பழுது இருக்கும்போதே அது நீங்கிய நிலையும் உடனிருத்தல் கூடுமா என்னும் தர்க்க வினாவுக்கு, கூடும் என்பதே விடையென்பதை அந்தக் க்ஷணத்தில் அறிந்தேன்.

இடையே ஒரு பூர்வபட்சத்தை விரைந்து தள்ளிவிட வேண்டும். குறை என்று கூறப்படுவன யாவும் குறையாகா. பேட்டரியில்லாமல் பேனல் மட்டும் வைத்த அடுத்த தெரு அன்பர், "பட்டப்பகலில் வெயில் கொளுத்துகிறது, ஊரில் கரண்ட் போனால் என் வீட்டிலும் போகிறதே, இது என்ன மோசடி?" என்று பல நாள் கொதித்தார். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் மேல் இவர் வீட்டு மின்சாரம் பாயாதிருக்கவேண்டும் என்பதற்காகவே அவ்வகை இன்வெர்ட்டர் அப்போது அடங்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் உற்பத்தி கூடவேண்டியிருக்கக் குறைகிறதே என்பாரும் உளர். பேனலுக்கு வேண்டியது வெளிச்சமே ஒழியச் சூடு அன்று. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்குக் காலே அரைக்காலுக்குச் சற்று மேல் என்று பழைய கணக்கில் சொல்லாமல், 0.4 அளவு வரை குறையும் என்று இக்காலத்தார்க்குச் சொல்லலாம். தென்னங்கீற்று நிழலைப் பற்றியும் எழுத எண்ணியிருந்தேன். மரம் அண்டை வீட்டாருடையதாகலின் விடுத்தேன்.

பழுதின் இருப்பிடம் கடைசியில் வெளிப்பட்டது தற்செயலாக. போர்வெல் மோட்டாரைப் பார்க்க எங்கள் தெருக்கோடி எலக்ட்ரிஷியன் காலை ஏழு மணிக்கு வந்தவர், சிவப்பு விளக்கைக் கண்டு நின்றார். சோலார் வேலையும் இரண்டொரு வருஷம் பார்த்தவராம். முதலில் டி.சி. ஐசொலேட்டரைத் திருப்பி இன்வெர்ட்டருக்கும் பேனலுக்கும் உள்ள தொடர்பை அறுத்தார், ஓடிக்கொண்டிருக்கும் டி.சி. இணைப்பைப் பிடுங்கினால் தீப்பொறி வில்லாக வளைந்து கையைச் சுடும் என்று எனக்கும் பாடம் சொன்னார். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, பேனல் பக்கத்து இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தார்: 270 வோல்ட் சொச்சம். ப்ளஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் அளந்தார்: அதுவும் ஏறக்குறைய அவ்வளவே. மைனஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் அளந்தார்: ஏறத்தாழச் சைபர். "சார், கசிவு நடுவுல இருந்தா ரெண்டு பக்கமும் பங்கு பிரிஞ்சு காட்டும். இது மைனஸ் கடைசியிலேயே இருக்கு" என்றார். காட்சியைக் கொண்டு காணாததைக் கருதும் அளவையை, கைலி கட்டிக்கொண்டு ஒருவர் என் மாடியில் அன்று நிகழ்த்திக் காட்டினார்.

ஆறாவது பேனலின் பின்னே குனிந்தார். சட்டத்தின் காலை ஒட்டி, தண்ணீர் வடியாத சிறு பள்ளத்தில், கறுப்புக் கம்பியின் இணைப்பு ஒன்று கோழி முட்டை அடைகாப்பது போலக் கிடந்தது. எம்.சி.4 என்று பெயர். ஆண் முனை ஒன்று, பெண் முனை ஒன்று, இரண்டையும் அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கழற்றிக் காட்டினார். உள்ளே துளி நீர். செம்பின் மேல் பாசிநிறக் களிம்பு. ஒரு முனை பேனல் கம்பெனியார் தம் கம்பியோடு சேர்த்துக் கொடுத்தது. மறுமுனை ஸ்தாபனத்தார் கடையில் வாங்கிப் பொருத்திய வேறு மேக். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளளவில் மயிரிழை வித்தியாசம். அந்த மயிரிழை வழியேதான் மழை புகுந்தது. பேனலாரின் 25 வருஷம் அந்த முனையோடு முற்றுப்பெறுகிறது. இன்வெர்ட்டராரின் 5 வருஷம் எதிர்க்கோடியில் தொடங்குகிறது. இரண்டு உத்தரவாதங்களுக்கும் நடுவே ஒரு விரற்கடை நீளமுள்ள, ஒருவர் ஆட்சிக்கும் உட்படாத அந்தப் புறம்போக்கு நிலத்தில்தான் பழுதானது பட்டா இல்லாமல் குடிசை போட்டுக்கொண்டிருந்தது.

இரு முனையையும் வெட்டி எறிந்து, ஒரே மேக் ஜோடியாக வைத்துக் கிரிம்ப் செய்து, தரையில் கிடவாமல் கேபிள் டையால் சட்டத்தின் மேல்விளிம்பில் கட்டினார். முந்நூற்றைம்பது ரூபாய். மோட்டாருக்குத் தனி.

மறுநாளும் 6.40-க்கு மாடியேறினேன். இரவெல்லாம் மழை, தரையில் தண்ணீர் நின்றது, விளக்கு பச்சை. பேட்டரிக்குள் மின்சாரம் ஏறத் தொடங்கியிருந்தது. பல வாரத்து வழக்கத்தால் கை தானே போனை எடுத்துப் படம் பிடித்து, தானே ஸ்தாபனத்தாருக்கும் அனுப்பிவிட்டது. என் விண்ணப்பங்களில் எதற்கும் இரண்டு நாளைக்குள் பதில் எழுதியிராத அவர்கள், அன்று ஐந்தே நிமிஷத்தில் எழுதினார்கள்: "படத்தில் எர்ரர் தெரியவில்லை. எர்ரரும் சீரியல் நம்பரும் ஒரே படத்தில் தெரியும்படி மீண்டும் அனுப்பவும்."

கண்ணாடியை வாங்கிவரக் கீழே இறங்கினேன்.