சேந்து பண்ணிடுவோம் சார்

துவாக்குடிப் பக்கம் எந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். பி.எச்.இ.எல்.லுக்குப் பாய்லர் சாமான் செய்து கொடுத்தே வளர்ந்த பேட்டை அது. கம்பெனிக்கு ஒரு கிரேன் இருக்கிறதோ இல்லையோ, இப்படி ஒரு சார் நிச்சயம் உண்டு. எந்த வேலையைச் சொன்னாலும் "சேந்து பண்ணிடுவோம்" என்பார். பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் ‘சேந்துபண்ணி’. எந்த ‘ன’ என்று கேட்காதீர்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் வந்து, துவாக்குடி பஸ் மாறி, பட்டறைக்கு வந்து சேரும்போது அவருடைய வெள்ளை ஹெல்மெட்டில் ஒரு கீறல் இருக்காது. சேஃப்டி ஷூ கல்யாண மாப்பிள்ளை ஷூ போல மின்னும். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில், "ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்" என்று ஆரம்பிப்பார். டீ ஆறுகிற வரை ஒற்றுமையைப் பற்றியே பேசுவார். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் மொய்க் கவரில் முதல் பெயர் அவருடையது. பணம் மட்டும் அப்புறம்.

கிரேன் வேலையில் ஒரு விதி உண்டு. கை காட்டுகிறவர் ஒரே ஆள்தான். ஆபரேட்டர் அவர் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். ‘நிறுத்து’ என்று காட்டினால் மட்டும், காட்டியது யாராக இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாள் டன் கணக்கில் கனக்கிற பேனல் மேலே போய்க்கொண்டிருக்கிறது. ரிக்கர் பெரியவர் கண்ணெடுக்காமல் விரலைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். சார் அவருக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்து, "மெல்ல... மெல்ல..." என்று காற்றைத் தடவினார். மேலே கேபினில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? நிறுத்திவிட்டார். பேனல் அந்தரத்தில் லேசாக ஆடியது. பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சார் திரும்பி, "பாத்தீங்களா, நான் இருந்ததால தப்பிச்சோம்" என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை மட்டும் வழக்கத்தைவிடத் தூரமாகத் துப்பிவிட்டு வந்தார்.

ஆனால் அதே பட்டறையின் மூலையில், ‘டீம்’ என்ற சொல்லையே வாயில் எடுக்காத இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஃபிட்டர், ஒருவர் வெல்டர். இரண்டு குழாயை வாய்க்கு வாய் பொருத்தும்போது ஃபிட்டர் விடுகிற இடைவெளி கொஞ்சம் குறைந்தால் போதும், வெல்டு அடிவரை இறங்காது. எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடு விழும். வெட்டி எடுத்து மறுபடி போட வேண்டியது வெல்டர் தலையெழுத்து. அதனால் அவர்கள் பேச்சு இவ்வளவுதான்:

"கொஞ்சம் தொறக்கணும்ணே."

"இப்ப?"

"சரிண்ணே."

வேலை முடிந்ததும் ஜாயின்ட் பக்கத்தில் வெல்டரின் நம்பரைப் பஞ்ச் அடிப்பார்கள். நாளைக்கு ஏதாவது என்றால் யார் போட்டது என்று ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை. நம்ம சாருக்கு மட்டும் எந்த நம்பரும் கிடையாது. ஜாயின்ட் பாஸானால் போட்டோவில் நடுவில் நிற்பார். ஃபெயிலானால், "நான் அப்பவே சொன்னேன்" என்பார். எதைச் சொன்னார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கு ஒரு மீட்டிங் போட்டுவிடுவார்.

இத்தனைக்கும் அவர் குடியிருக்கிற ஊர் இந்த விஷயத்தில் சாமான்யமான ஊர் இல்லை. உடையவர் ராமானுஜர் பெரிய கோயில் பரிசனங்களைப் பத்துக் கொத்தாக வகுத்தார் என்கிறது கோயில் வரலாறான கோயிலொழுகு. தீர்த்தம் கொண்டுவரத் திருக்கரகக் கையார், பாசுரம் பாட விண்ணப்பம் செய்வார், பூமாலைக்குத் தாசநம்பி என்று ஆளாளுக்கு ஒரு கைங்கரியம். பக்கத்தில் நின்று ‘சேந்து பண்ணிடுவோம்’ என்று சொல்வதற்கென்று ஒரு கொத்து ஏன் வைக்கவில்லை என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். உடையவர் எவ்வளவு ஆளைப் பார்த்திருப்பார்!

வைகுண்ட ஏகாதசியில் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பாருங்கள். நம்பெருமாளைத் தோளில் ஏந்திச் சிங்கம் மாதிரி எட்டு வைக்கும்போதும், பாம்பு மாதிரி வளைந்து போகும்போதும் அத்தனை காலும் ஒரே காலாக விழும். ஒரு தோள் முந்தினால் பெருமாள் சாய்ந்துவிடுவார். "நான் கோஆர்டினேட் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டு அந்தத் தண்டுக்கடியில் யாரும் சும்மா நடந்துவிட முடியாது. பக்கத்துத் தோள் காட்டிக்கொடுத்துவிடும்.

சார் இதையெல்லாம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். போன சித்திரைத் தேருக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த ஜனம் சித்திரை வீதி கொள்ளாமல் நின்றது. ஒரு திருப்பத்தில் தேர் நின்றிருக்கிறது. சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் குனிந்து வேலையாக இருக்கிறார்கள். வடம் தரையில் கிடக்கிறது. சார் கையை உயர்த்தி, "எல்லாரும் சேந்து இழுங்க! ஒத்துமையா! ம்ம்..." என்று குரல் கொடுக்க, ஜனம் குனிந்து பிடித்து இழுத்தது. வடம் அந்த இடத்தில் மட்டும் எழும்பவில்லை.

லால்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, கயித்து மேல நிக்கிறே. எறங்கு."

சார் இறங்கினார். "பாத்து இழுங்கப்பா" என்றார்.