கத்தரிக்கு அஞ்சும் துணிகள்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி ஒரே அலமாரியிலிருந்து சரிந்து விழுந்தவை. ஆகவே அரசியலும் சினிமாவும் அடுத்த வாரம். இந்த இதழ் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற குயில்ட் பைத்தியங்களுக்கு மட்டும். பதில் சொல்கிறவளும் அதே வார்டுதான்.

குயில்ட் தைக்க எவ்வளவு துணி இருந்தால் போதும்? எவ்வளவு இருந்தால் அதிகம்?
— மூடாத அலமாரி, கோவை

போதும் என்பதற்கு அளவே கிடையாது. அதிகம் என்பதற்கு மட்டும் ஓர் அடையாளம் உண்டு. புதுத்துணிப் பை கார் டிக்கியிலேயே இரண்டு நாள் தங்கி, வீட்டில் எல்லோரும் தூங்கினபின் உள்ளே வருகிறதா? தாண்டிவிட்டீர்கள். அமெரிக்கக் குயில்ட்டர்கள் சேர்த்து வைத்த துணியை ‘ஸ்டாஷ்’ என்பார்கள். பதுக்கல் என்று பொருள். குற்றத்தை ஒப்புக்கொண்டே பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கும் மேலே ‘சேபிள்’ என்றொரு நிலை உண்டு. ஆயுசு முழுக்கத் தைத்தாலும் தீராத கையிருப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

என்னிடம் எத்தனை மீட்டர் இருக்கிறதென்றே தெரியவில்லை. அளக்க உட்கார்ந்தால் ஒரு மாதம் போய்விடும்.
— டேப் பிடித்த கை, திருச்சி

அளக்காதீர்கள், நிறுத்துப் பாருங்கள். 44 அங்குல அகலமுள்ள குயில்ட் காட்டன் மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம் இருக்கும். எடை பார்க்கும் மெஷினில் துணிப்பையோடு ஏறுங்கள்; பிறகு பை இல்லாமல் ஏறுங்கள்; கழியுங்கள். (இரண்டாவது எண்ணைப் பற்றிய கேள்விகள் இங்கே ஏற்கப்பட மாட்டா.) 45 கிலோ என்றால் சுமார் 300 மீட்டர்.

இரட்டைக் கட்டிலுக்கான குயில்ட் ஒன்று, மேல்பக்கம், அடிப்பக்கம், விளிம்புப் பட்டி எல்லாம் சேர்த்து 16 மீட்டர் வரை விழுங்கும். ஆக, உங்களிடம் இருப்பது 18 குயில்ட்டும் கொஞ்சம் நறுக்கும். வருஷத்துக்கு மூன்று தைத்தால் ஆறு வருஷத்தில் தீர்ந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை என்கிறீர்களா? பள்ளிக்கூடத்துத் தொட்டிக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 48 மீட்டர் வெளியே போகிறது. ஆடித் தள்ளுபடியில் மட்டும் 50 மீட்டர் உள்ளே வருகிறது. தொட்டி எப்போது காலியாகும்?

வீட்டில் மலைபோல் துணி. நான் போர்த்திக்கொள்வதோ கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய சோலாப்பூர் போர்வை. இது நியாயமா?
— குளிரும் கணவன், ஓசூர்

துணி வாங்குவது ஒரு பொழுதுபோக்கு, குயில்ட் தைப்பது வேறொரு பொழுதுபோக்கு. உங்கள் மனைவி முதலாவதில் தேறிவிட்டார். இரண்டாவதற்கு ஒரு பெரிய மேசையும், ‘காபி’ என்று யாரும் கூப்பிடாத மூன்று மணி நேரமும் வேண்டும். அது எந்தக் கடையிலும் தள்ளுபடியில் கிடைப்பதில்லை. நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

கல்யாணம், சீமந்தம், நவராத்திரி என்று வந்து சேர்ந்த ப்ளவுஸ் பிட் மட்டும் 140 இருக்கிறது. குயில்ட்டுக்கு ஆகுமா?
— தாம்பூலப் பை, மாயவரம்

மேல்நாட்டில் ‘ஃபேட் குவார்ட்டர்’ என்று ஒரு துண்டு விற்கிறார்கள். ஒரு கஜத் துணியை ஒல்லிக் கீற்றுகளாகக் கிழிக்காமல், குறுக்கும் நெடுக்குமாக நாலாக வெட்டினால் வருகிற 18க்கு 22 அங்குலத் துண்டு அது. சுருட்டி ரிப்பன் கட்டி அடுக்கியிருப்பார்கள். பார்த்தவர்கள் பர்ஸைத் திறந்துவிடுவார்கள். நாமோ அதைவிடப் பெரிய துண்டை வெற்றிலை பாக்கோடு சும்மா கொடுக்கிறோம். வாங்கியவரும் அதைப் பிரிக்காமல் அடுத்த வீட்டுக் கொலுவில் கொடுக்கிறார். நான் கொடுத்த மாம்பழ மஞ்சள் பிட் ஒன்று பதினோரு மாதம் ஊர் சுற்றிவிட்டு, மடிப்புக் கலையாமல் என்னிடமே திரும்பி வந்தது. குங்குமப் பொட்டு மட்டும் புதிது.

பருத்தியாக இருந்தால் தாராளமாகத் தைக்கலாம். ஓரத்தில் நாலு நூல் உருவிக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு உருண்டையாகும். அந்த ரகத்தைப் பருத்தியோடு சேர்த்துத் தைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒன்று நிற்கும், ஒன்று சுருங்கும். உருண்டையாவதை எல்லாம் அடுத்த கொலுவுக்கு அனுப்பிவிடுங்கள்.

எட்டு வருஷமாக இரண்டு மீட்டர் நீலக் கலம்காரி வைத்திருக்கிறேன். வெட்டப் போனால் கை வரவில்லை.
— கத்தரியும் கண்ணீருமாக, மதுரை

மடித்து வைத்திருக்கும்வரை அந்தத் துணி எந்தக் குயில்ட்டாகவும் ஆகலாம். வெட்டிய நிமிஷத்திலிருந்து ஒரே ஒரு குயில்ட்தான். அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாமல்தான் நாம் எல்லோரும் அலமாரியைச் சாத்திவிட்டு வேறு துணி வாங்கப் போகிறோம்.

என்னிடமும் ஒரு அஜ்ரக் இருந்தது. அதற்குத் தகுந்த டிசைன் அமையட்டும் என்று ஆறு வருஷம் காத்திருந்தேன். அமைந்த அன்று பிரித்துப் பார்த்தால், ஜன்னல் வெளிச்சம் பட்ட மடிப்பெல்லாம் வெளுத்துக் கோடுகோடாக நின்றது. வெட்டாமலேயே ஒரு துணியைக் கெடுத்த பெருமை எனக்கு உண்டு.

அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள கறுப்பினப் பெண்கள் குயில்ட் தைத்தது முழங்கால் தேய்ந்த வயல்வேலைப் பேண்ட்டிலும் கிழிந்த சட்டையிலும்தான். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் தலையணை உறை தைக்கும் வேலை அந்த வட்டாரத்துக்கு வந்தது. மிஞ்சிய நறுக்குகள் வீடுகளுக்குப் போய்க் குயில்ட் ஆயின. அந்த ஊர்க் குயில்ட்டுகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஓவியங்களைப் போலத் தொங்கின. 2006இல் தபால்தலையாகவும் வந்தன. எட்டு வருஷம் அடைகாத்த கலம்காரி எதுவும் அவற்றில் இல்லை.

ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓரத்தில் இரண்டங்குலம் வெட்டிவிடுங்கள், எதற்கென்று யோசிக்காமல். முதல் வெட்டு விழுந்ததும் அது சாமி படத்திலிருந்து இறங்கித் துணியாகிவிடும்.

சேர்த்த துணியை எப்படிப் பாதுகாப்பது? இராமபாணம் பாதியைத் தின்றுவிட்டது.
— ஓட்டை விழுந்த மனசு, சென்னை

இராமபாணத்துக்குத் துணியைவிட அதிலுள்ள கஞ்சி பிடிக்கும். கடையிலிருந்து வரும் மொடமொடப்போடு அப்படியே அடுக்கினால் பந்தி விரித்த மாதிரி. அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, கஞ்சி போடாமல் மடியுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தங்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றினால் போதும். மரப்பலகை நாளாவட்டத்தில் துணியைப் பழுப்பாக்கும் என்பதால் தட்டிலும் ஒரு துணி விரியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். மாற்றும்போது ‘இது என்னிடம் இருந்ததா!’ என்று கத்தினால், அதே துணியை இரண்டாவது தடவையும் வாங்கியிருக்கிறீர்கள். கீழ்த்தட்டைப் பாருங்கள்.

அலசினால் சாயமும் தெரிந்துவிடும். மெட்ராஸ் செக் அமெரிக்காவுக்குப் போய்ச் சாயம் விட்டபோது, ‘நிச்சயமாகச் சாயம் போகும்’ என்பதையே விளம்பரமாக்கி விற்றார்கள். வெள்ளைச் சதுரத்தின் பக்கத்தில் சிவப்புச் சுங்குடியைத் தைத்தவருக்கு அந்த வசதி இல்லை.

அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. அவருடைய புடவைகளைக் குயில்ட்டாகத் தைக்க ஆசை. வெட்டுவது பாவமா?
— மகள், தஞ்சாவூர்

பாவமில்லை. பட்டை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய பட்டு மடிப்பில் இற்றிருக்கும், ஜரிகை பக்கத்து நூலை அறுக்கும். அமெரிக்காவில் 1880களில் பட்டுத்துண்டுகளில் தைத்த ‘கிரேசி குயில்ட்’ பலவற்றில், கனம் கூட்ட உலோக உப்பு ஏற்றிய பட்டு மட்டும் இன்று சிதறிக் கிழிந்து நிற்கிறது.

அம்மா வீட்டில் கட்டிய வாயில், சுங்குடி, நைந்த கைத்தறி, இவைதான் உங்களுக்கு வேண்டியவை. வெட்டக்கூட வேண்டாம். வங்காளத்தில் காந்தா தைப்பவர்கள் பழம்புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முழுசாக விரித்து, கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுவிடுவார்கள். உங்களைத் தூளியில் போட்டதும் இப்படி ஒரு புடவையில்தான் இருக்கும். தைக்கும் முன் ஒரு புடவையை மட்டும் துவைக்காமல் தனியே எடுத்து வையுங்கள். ஏனென்று உங்களுக்குத் தெரியும்.

எவ்வளவு சின்னத் துண்டு வரை சேர்க்க வேண்டும்?
— குப்பைக்கூடைக்கு எதிரி, ஈரோடு

குயில்ட்டில் தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் போகும். ஒன்றரை அங்குலச் சதுரம் தைத்து முடிந்தால் ஓர் அங்குலம். அதற்குக் கீழே போனால் துணியைவிட நூல்தான் அதிகம் இருக்கும். அந்த நறுக்குகளைத் தலையணைக்குள் திணித்துவிடுங்கள். கர்நாடகத்துச் சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்ற குயில்ட்டை வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். கடைசியில் நாலு மூலையிலும் சின்ன முக்கோணமாக ஒரு ‘பூ’ வைக்காமல் விட மாட்டார்கள். வைக்காவிட்டால் அது அம்மணமாம். உங்கள் பொடித் துண்டுகளில் நாலு அதற்கு ஆகும். மீதி நாலாயிரத்துக்கு வழி சொல்ல என்னால் ஆகாது.

பாதியில் நிற்கும் குயில்ட் மட்டும் பதினொன்று. புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாமா?
— பன்னிரண்டாவது, டாலஸ்

முடிக்காத சாமானை உங்கள் ஊர்க்காரர்கள் ‘யூ.எஃப்.ஓ.’ என்கிறார்கள். வானத்தில் பறப்பதையாவது சிலர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். உங்களுடையதை வீட்டிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்களே?

எனக்குக் குயில்ட் கற்க ஆசை. கையில் ஒரு துண்டுத் துணிகூட இல்லை. எங்கே வாங்கலாம்?
— புது ஊசி, தாம்பரம்

வாங்கவே வாங்காதீர்கள். என் வீட்டுக்கு வாருங்கள், பெரிய பையாக எடுத்துக்கொண்டு. பை காலியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போன தடவை இப்படி ஓர் அம்மாளைக் கூப்பிட்டபோது, அவர் தன் பையை என் சோபாவில் கொட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.