அரை டம்ளர்க் கணக்கு

தமிழ்நாட்டு இல்லங்களில் காப்பியை அளக்கும் அலகுகளுள் முதன்மையானது 'அரை டம்ளர்'. அதற்கடுத்து 'ஒரு வாய்', 'சும்மா நாக்கை நனைக்க' ஆகிய சிற்றலகுகள் வழங்குகின்றன. முழு டம்ளர் என்னும் அலகும் உண்டெனினும், தாம் அதைக் குடிப்பதாக ஒப்புக்கொள்வோர் அரியர். ஒரே நாளில் ஆறு முறை அரை டம்ளர் அருந்தியவரிடம் எவ்வளவு குடித்தீர்கள் என்று மருத்துவர் வினவினால், 'அரை டம்ளர்தான்' என்றே விடை வரும்; கூட்டல் என்னும் கணித முறை காப்பிக்குப் பொருந்தாது என்பது அன்னாரின் துணிபு.

ஆனால் கூட்டலைத் தவறாது செய்யும் பொருளொன்று அக்காப்பிக்குள்ளேயே இருக்கிறது. காஃபீன் எனப்படும் அது, காப்பி, தேயிலை, கொக்கோ முதலிய தாவரங்கள் தம்மைத் தின்னவரும் பூச்சிகளை விரட்டுவதற்குப் பயன்படுத்தும் கசப்புச் சேர்மமாகும். 1819இல் இதைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ருங்கே. ஆராய்ந்து பார்க்கும்படி அவரிடம் காப்பிக் கொட்டைகளைக் கொடுத்தவர் கவிஞர் கெதே. பூச்சிகள் அஞ்சி விலகும் அந்த மருந்தைத் தேடித்தான் மனிதர் பல் துலக்கியும் துலக்காமலும் விடியற்காலையில் அடுப்படிக்கு விரைகின்றனர்.

அங்கே பில்டரின் மேலடுக்கில் பொடியிட்டு, குடை போன்ற அமுக்கியை அதன்மேல் வைத்துக் கொதிநீர் ஊற்றினால், கீழடுக்கில் சொட்டுச் சொட்டாக இறங்கும் முதல் டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டு என்று போற்றப்படுகிறது. நீரில் எளிதில் கரையும் காஃபீனின் பெரும்பகுதி இதனுடனேயே இறங்கிவிடுகிறது. சொல்லாமல் வந்த விருந்தினருக்கு இரண்டாம் டிகாக்‌ஷனில் காப்பி கலந்து தரப்படுவதைக் கஞ்சத்தனம் என்று பழிப்பது அறியாமை. அவர்தம் உறக்கத்தின்பால் இல்லத்தார் காட்டும் அக்கறை என்றே அதைக் கொள்ளல் வேண்டும். பொடியில் கலக்கப்படும் சிக்கரி, ஒரு செடியின் வறுத்து அரைத்த வேர். அதில் காஃபீன் அறவே இல்லை. எனவே நூற்றுக்கு இருபது சிக்கரி கலந்தவர் தம்மையறியாமலேயே சிறிதளவு விரதம் இருக்கிறார்.

உடலுள் நிகழ்வது பேருந்து நிலையக் காட்சியை ஒத்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. தனக்குரிய ஏற்பிகளில், அதாவது இருக்கைகளில், அது அமரும்போது அயர்வு தோன்றுகிறது. உருவில் அதை ஒத்த காஃபீன், முன்னதாகவே துண்டு போட்டு அவ்விருக்கைகளைப் பிடித்துக்கொள்வதால், அடினோசின் நின்றுகொண்டே பயணம் செய்ய நேர்கிறது. களைப்பு அப்படியே இருக்க, களைப்பென்னும் செய்தி மட்டும் சேரவேண்டிய இடத்தைச் சேர்வதில்லை. காஃபீன் இறங்கியதும், நின்றிருந்தவர் அனைவரும் ஒருசேர உட்கார, அலுவலகக் கோப்பின்மேல் தலை சாய்கிறது.

இதையுணர்ந்து 'காப்பியை விட்டாயிற்று, இப்போது டீ மட்டுந்தான்' என்று அறிவிப்போரும் உளர். தேயிலையில் இருப்பது வேறு பொருள் என்றெண்ணி 1827இல் அதற்குத் 'தீயின்' என்று பெயரிட்டனர். இரண்டும் ஒன்றே என்பது 1838இல் தெளிவாயிற்று. ஆகவே மேற்படி அறிவிப்பாளர் இவ்விரு ஆண்டுகளுக்கிடையே வாழ்ந்துவருகிறார். ஒரு கோப்பை டீயில் இருப்பது காப்பியில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி என்பதால், அவர் அதை இருமடங்கு குடித்து நேர்செய்துகொள்கிறார். டீயையும் துறப்பவரை ஒரு நாளுக்குள் 'காப்பித் தலைவலி' பிடிக்கிறது. அதற்கென அவர் விழுங்கும் மாத்திரைகள் சிலவற்றிலும் காஃபீனே சேர்க்கப்பட்டுள்ளது. குழந்தைகளுக்குக் காப்பி ஆகாதென்று கண்டிக்கும் வீட்டிலேயே, அவர்கள் கையில் கோலா பானமும் சாக்லேட்டும் தடையின்றி உலவுகின்றன.

நலமுள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பொதுவாகத் தீங்கில்லை என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம்; கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராமே வரம்பாகக் கூறப்படுகிறது. வியப்பென்னவெனில், உடலும் அரைக் கணக்கையே பின்பற்றுகிறது. உட்சென்ற காஃபீன் பாதியாகக் குறையும் காலம் அரை ஆயுட்காலம் எனப்படும். ஆளுக்கு ஆள் வேறுபடும் அது சராசரியாக ஐந்து மணி நேரம். மாலை நான்கு மணிக்கு 100 மில்லிகிராம் குடித்தவருக்கு இரவு ஒன்பதுக்கு ஐம்பதும், இரண்டு மணிக்கு இருபத்தைந்தும் மிச்சமிருக்கும். அந்நேரம் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பவர் கொசுவையும், மின்விசிறியையும், மருமகன் பேசிய சொல்லையும் காரணமாக்குவாரேயன்றி, மாலை டம்ளரை விசாரணைக்கு அழைப்பதில்லை.

ஆதலின் நாளின் கடைசிக் காப்பியைப் பிற்பகலோடு முடித்துக்கொள்வதே நலம். 'அரை டம்ளர்தானே' என்னும் மேல்முறையீட்டைக் காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் ஏற்பதில்லை.