ஏணை ஆட்டி நடந்த தூரம்

கையில் கட்டிய வாட்ச் அன்று 6,214 காலடி காட்டியது. நான் வாசலைத் தாண்டவேயில்லை. பேத்தியின் ஏணையை ஒன்றரை மணி நேரம் ஆட்டியிருந்தேன். கை ஆடியதையெல்லாம் கால் நடந்ததாக அது எழுதிக்கொண்டது. சும்மா கிடைக்கிற நல்ல பெயரைக் கெடுப்பானேன்?

எனக்கு இனிப்பு நீர் வந்து ஒன்பது வருஷம். வாட்ஸ்அப்பில் வந்த காணொளி ஒன்றுதான் மைட்டோகாண்டிரியாவை அறிமுகப்படுத்தியது. தமிழில் இழைமணி. 1898-இல் கார்ல் பெண்டா வைத்த கிரேக்கப் பெயருக்கும் இழை, மணி என்றுதான் பொருள். தின்ற சோறு சர்க்கரையாகிச் செல்லுக்குள் போய், ஆக்சிஜனோடு எரிந்து தெம்பாகிற அடுப்பு அது. இனிப்பு நீர்க்காரர்கள் பலருக்குத் தசையில் இந்த அடுப்பு மந்தம். அடுப்பு கெட்டு நோய் வந்ததா, நோய் வந்து அடுப்பு கெட்டதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் தகராறு.

எனக்கு அவ்வளவு போதும். அடுப்பை உசுப்பும் என்று நேரடி விற்பனைக்காரர் ஒருவரிடம் 180 ரிங்கிட்டுக்குக் கோ-கியூ-10 மாத்திரை வாங்கினேன். அதை விழுங்க ஒட்டுக்கடையில் ஒரு தே தாரேக். 'குராங் மானிஸ்' என்று சொல்லித்தான் வாங்கினேன்.

அடுப்பை உசுப்ப நிச்சயமான வழி 1967-லேயே தெரிந்துவிட்டது. ஜான் ஹாலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டார்; அவற்றின் கால் தசையில் இழைமணிகளின் எரிக்கும் திறன் இரண்டு மடங்கானது. நானும் புக்கிட் சீனா ஏறினேன், மூன்று நாள். இறங்கியதும் குலா மெலாக்கா ஊற்றிய செண்டோல். அந்த எலிகள் மலாக்காவில் பிறக்கவில்லை, பிழைத்தன.

"இழைமணி தாய் வழியாத்தாம்மா வரும், அப்பாகிட்டேருந்து வராது" என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த மனுசன் எதத்தான் குடுத்தாரு" என்றார்.

அம்மா ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவி, மங்கை நிமிர்த்தி வைத்து, அடுத்த மரம், அதற்கடுத்த மரம். வெயில் ஏறியதும் அதே மரங்களுக்கு மறுநடை, பால் சேர்த்துக் காண்டா வாளியில் சுமக்க.

"நான் குடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு. நீ உக்காந்தே கெடுத்துட்ட."

ரத்தப் பரிசோதனைக்கு முன் மூன்று நாள் சோற்றைக் குறைத்தேன். பலிக்கவில்லை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஒட்டிய சர்க்கரையை விடாது. இழைமணியே இல்லாத செல் அது. என்னைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான்: சர்க்கரை ஒட்டிய அளவு 8.9 சதவீதம். டாக்டரம்மா மெட்ஃபார்மினைக் கூட்டினார். அந்த மாத்திரை போய்த் தொடும் இடங்களில் ஒன்று இழைமணி; அதன் வேகத்தைச் சற்று அடக்கும் என்று பிறகு படித்தேன். ஆக, 180 ரிங்கிட் கொடுத்து உசுப்பப் பார்த்ததை, அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி அடக்கிக்கொண்டேன்.

மறுபடி 3 மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரம் போய்விட்டது. பேத்திக்குப் பல் முளைக்கிறது, தூக்கமே இல்லை. வாட்ச் நேற்று 9,000-ஐத் தாண்டியது.